வளர்ந்துவிட்ட சுவர்

பிர்கியில் வெறும் சுவர் என்றால் கோலம் இல்லாத சுவர் என்று பொருள். அப்படி ஒன்றை விட்டு வைத்தால், வீட்டுக்காரனுக்குக் கையில் காசில்லை, இல்லாவிட்டால் அண்ணன் தம்பிக்குள் பாகத் தகராறு தீரவில்லை என்று ஊரே முடிவு கட்டிவிடும். சந்து, கடைத்தெரு, பால்கனியின் அடிவயிறு என்று எங்கே திரும்பினாலும் கறுப்பும் வெள்ளையுமாக முக்கோணமும் வட்டமும் பூவும்தான். கிரேக்க நாட்டின் ஹியோஸ் தீவில் மற்ற ஊர்க்காரர்கள், ‘பிர்கிக்காரன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் அவன் முதுகிலும் கோலம் போட்டுவிடுவார்கள்’ என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். அவர்கள் ஊர்ச் சுவரைப் பார்க்க யார் போகிறார்கள்?

இப்படிப்பட்ட ஊரில் ஒரே ஒரு சுவரை மட்டும் யாரும் தொட்டதில்லை. கிழக்கு ஓரத்தில் இருக்கும் புனித பரஸ்கெவி கோயிலின் பின்சுவர். பலிபீடத்துக்கு முதுகுப் பக்கம் அது. வெளியே அரைவட்டமாகப் பிதுங்கி நிற்கும். ‘வட்டச் சுவரில் வட்டம் நிற்காது’ என்று கொத்தனார்கள் சொல்லி, சுண்ணாம்பை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுடைய அப்பன்மாரும் அதையேதான் சொன்னார்கள்.

அந்தச் சுவர் இசிடோராவுக்கு வேண்டும். இடம் வேண்டும், தோப்பு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அவள் ஆசைப்பட்டதெல்லாம் அந்த முதுகுச் சுவருக்கு.

அவள், மணக்கும் பிசின் தரும் மஸ்திகா மரங்களை வளர்ப்பவரின் மகள். மற்றப் பெண்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பிசின் கட்டியில் ஒட்டிய மண்ணைக் கத்தி முனையால் சுரண்டி வளர்ந்தவள். அப்போதே கட்டிகளை நிறவாரியாக, அளவுவாரியாக வரிசை பிடித்து அடுக்குவாள். ‘இவள் பிசின் சுத்தம் பண்ண வந்தாளா, பல்லாங்குழி ஆட வந்தாளா’ என்று பெண்கள் சிரிப்பார்கள். கணக்கு நன்றாக வந்தது. தீவின் பெரிய பட்டணத்தில் படித்தாள். அங்கேயே நிலவரைபட அலுவலகம் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு வருடம் கம்ப்யூட்டரில் வயல் எல்லை வரைந்தாள். ஸ்டமாத்திஸ் என்ற கப்பல்காரனைக் கட்டிக்கொண்டாள். அவன் இயந்திர அறையில் வேலை. வருடத்தில் முக்கால்வாசி நாள் கடலில் இருப்பான், தொலைபேசியில்தான் குடித்தனம். மாமியார் காலமான பிறகு பிர்கியில் இருந்த அவருடைய வீட்டைப் பூட்டிப் போட மனமில்லாமல் ஊருக்கே திரும்பி வந்துவிட்டாள்.

வந்ததும் வீட்டு முகப்புக்குக் கோலம் போட வைத்தாள். போட்டவர் ஸான்னிஸ், அவளுடைய அம்மாவின் தம்பி. ஊரில் அவர் கைக்கு மிஞ்சிய கை கிடையாது. கடற்கரைக் கறுப்பு மணலும் சுண்ணாம்பும் குழைத்துக் காரை பூசுவார். அது ஈரமாக இருக்கும்போதே மேலே வெள்ளைச் சுண்ணாம்பு தடவுவார். பிறகு மரக் கவராயத்தாலும் குச்சியாலும் கோடு கிழித்து, வளைத்த முள்கரண்டியால் சுரண்டுவார். வெள்ளை போன இடத்தில் கறுப்பு தெரியும், கோலம் எழும். காரை காய்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அதற்குள் வேலையை முடித்தவன்தான் மேஸ்திரி.

வேலை முடிந்ததும் இசிடோரா தெருவில் நின்று பார்த்தாள். மூலையில் ஒரு பூ பாதியில் நின்றுபோயிருந்தது.

“மாமா, இந்தப் பூவுக்குக் கழுத்த வெட்டிட்டீங்களே.”

“சுவரு அதோட முடிஞ்சுபோச்சு. நான் என்ன பண்ண?”

“அதுக்காக?”

“ஒரு திருநீத்துப்பச்சத் தொட்டிய அங்க வை. கழுத்தும் தெரியாது, தலையும் தெரியாது. ஊரே அப்படித்தான் வைக்குது.”

உண்மைதான். பிர்கியில் மூலைக்கு மூலை திருநீற்றுப்பச்சைத் தொட்டி இருப்பது வாசனைக்காக மட்டுமில்லை. ஆனால் இசிடோரா தொட்டி வைக்கவில்லை. வயலைப் பங்கு பிரிக்கத் தெரிந்தவளுக்குச் சுவரைப் பங்கு பிரிக்கத் தெரியாதா? கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். சுவரின் அகலம், உயரம், எந்த இடத்தில் ஜன்னல், எந்த இடத்தில் கதவு என்று சொல்லிவிட்டால், எந்த மூலையிலும் அரைப்பூ வராதபடி வரிசைகள் தாமே ஒதுங்கிப் பெருத்துச் சிறுத்து உட்காரும்படி ஒரு கணக்கை எழுதினாள். ஓர் எண்ணை மாற்றினால் போதும், முழுச் சுவரும் புடவைக் கொசுவம் போல நகர்ந்து சரியாகும்.

ஸான்னிஸ் முதலில் தலையை ஆட்டினார். “சுவத்துல கோடு கிழிக்க கரண்டு எதுக்குடி? நாளைக்குக் கரண்டு போச்சுன்னா சுவரு விழுந்துடுமா?”

“கோடு நீங்கதான் கிழிக்கப் போறீங்க. கவராயத்த எவ்ளோ விரிக்கணும்னு மட்டும் இது சொல்லும்.”

இந்த வார்த்தைக்கு அவள் வந்து சேர்ந்தது பட்டபிறகுதான். முதல் தடவை ரொட்டிக் கடைச் சுவருக்கு, கோலத்தைக் காகிதத்தில் பெரிதாக அச்சடித்து, ஈரக் காரையில் ஒட்டி, ஓரத்தோடு கோடு இழுக்கப் பார்த்தாள். காகிதம் சுண்ணாம்பைக் குடித்து ஊறிப்போய், உரித்தால் சுவரோடு வந்தது. ரொட்டிக்காரன் வெளியே வந்து பார்த்துவிட்டு, “அம்மா, நான் கோலம்தான் கேட்டேன், சொறி கேக்கல” என்றான். அந்தச் சிரிப்பு ஒரு குளிர்காலம் முழுக்க ஓடியது. அன்றிலிருந்து அச்சுக்கு முழுக்கு. கணக்கு இயந்திரத்தில், கோடு கையில். டேப்லெட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சாரத்தில் மாட்டித் தொங்கவிடுவாள். ஸான்னிஸ் சுண்ணாம்பு விரலால் பைமேலேயே தட்டி, “அடுத்த வரிசைக்கு என்ன சொல்லுது உன் பெட்டி?” என்று கேட்பார். இரண்டே வருடத்தில் அவர்கள் சேர்ந்து போட்ட சுவர்களில் அரைப்பூ என்ற பேச்சே இல்லை. தொட்டிகளை வாசனைக்காக வைக்கிறார்கள் இப்போது.

அதன் பிறகுதான் அவள் வாயைத் திறந்து கோயில் சுவரைக் கேட்டாள்.

கோயில் சாவி கலியோப்பியிடம் இருக்கிறது. கமிட்டி என்று ஐந்து பேர் பெயர் இருந்தாலும் கலியோப்பி தும்மினால்தான் மற்ற நான்கு பேரும் ‘ஆயுசு நூறு’ என்பார்கள். எழுபது வயது, இரும்புக் கை. வருடா வருடம் திருவிழாவுக்கு முன் கோயில் முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பது அவள்தான், கூலிக்கு ஆள் விடமாட்டாள்.

“மிஷின வெச்சுச் சாமி முதுகுல கிறுக்கப் போறியா?” என்றாள்.

“கிறுக்கல பெரியம்மா. கோலம்.”

“வட்டச் சுவத்துல வட்டம் நிக்காது. கொத்தனாரு உன் தாத்தனே சொன்னான்.”

“தாத்தா சொன்னாரு. செஞ்சு பாத்தாரா?”

கலியோப்பிக்கு எதிர்த்துப் பேசுகிறவர்களைப் பிடிக்காது. ஆனால் பேசாமல் தலையாட்டுகிறவர்களை இன்னும் பிடிக்காது. யோசித்தாள். “சரி. ஒரு தடவ. ஒழுங்கா வரலன்னா திருவிழாவுக்கு முன்னால சனிக்கிழம நான் மேலயே சுண்ணாம்பு அடிச்சுடுவேன். அப்புறம் எந்தக் கோயில் சுவத்துப் பக்கமும் உன் பெட்டியத் தூக்கிட்டு வரக்கூடாது. ஒத்துக்கறியா?”

“ஒத்துக்கறேன்.”

ஸ்டமாத்திஸ் சிங்கப்பூர்ப் பக்கம் எங்கோ இருந்து தொலைபேசியில் கேட்டுவிட்டு, “உனக்கு வேற சுவரே கெடைக்கலயா?” என்றான். “கெடைக்கல” என்றாள்.

இரண்டு குளிர்காலம் அவள் ஆலிவ் எண்ணெய் டின்களின் மேல் பழகினாள். உருண்டை டின்னில் கவராயத்தை வைத்தால் வட்டம் எந்தப் பக்கம் இழுத்துக்கொள்கிறது, வரிசை சுற்றி வந்து தலையும் வாலும் எப்படிச் சேர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணக்கில் சேர்த்தாள். சமையலறை அலமாரி முழுக்கக் கோலம் போட்ட டின். பின்னால் அவற்றில் சின்னத் தக்காளிச் செடி நட்டாள், அது வேறு கதை.

திருவிழாவுக்குச் சில நாள் முன்னதாக வேலைக்கு நாள் குறித்தார்கள். பலிபீடம் கிழக்கே பார்ப்பதால் காலை வெயில் முழுக்க அந்தச் சுவரில்தான் அடிக்கும். காரை நிமிடத்தில் காய்ந்துவிடும். அதனால் மத்தியானம் நிழல் திரும்பிய பிறகு பூசி, பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும். முந்தின நாளே இருவரும் கல்லின் மேல் நூல் பிடித்துச் சுற்றளவு எடுத்தார்கள். ஸான்னிஸ் ஒரு முறை, அவள் ஒரு முறை. இரண்டும் ஒன்றாக வந்தது. வரிசைக்கு முப்பது வட்டம், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் பூ, நடுவே முக்கோண வரிசைகள். திரையில் பார்த்தால் கோயிலுக்கு ஜரிகைச் சால்வை போர்த்தியது போல இருந்தது.

ஸான்னிஸ் பூசினார், வெள்ளை தடவினார். இசிடோரா சாரத்தில் ஏறி, கூரைக்குக் கீழே இடது ஓரத்தில் தொடங்கினாள். ஒரு கால் ஊன்றி ஒரு கால் சுற்றி, கவராயம் நடந்தது. வட்டம் நின்றது! வட்டச் சுவரில் வட்டம் நின்றது. ஸான்னிஸ் கீழே நின்று, “உன் தாத்தன் இதப் பாக்கணும்டி, நிக்குது” என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். வெறும் கோடு மட்டும் கிழித்துக்கொண்டு போனாள், சுரண்டுவது பிறகு. ஜன்னலைத் தாண்டினாள், வளைவைத் தாண்டினாள், முப்பதாவது வட்டத்தையும் முடித்தாள்.

சுவர் முடியவில்லை. வலது ஓரத்தில் ஐந்து விரல் அகலத்துக்கு வெள்ளை மிச்சம்.

முதலில் அவள் நம்பவில்லை. எண்ணிப் பார்த்தாள். முப்பதுதான். கவராயத்தைப் பார்த்தாள், நழுவவில்லை. பையைத் திறந்து திரையைப் பார்த்தாள். அங்கே எல்லாம் அழகாக இருந்தது. அங்கே இருந்து என்ன?

கலியோப்பி அப்போதுதான் தட்டில் காபியும் குளிர்ந்த தண்ணீரும் கொண்டு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

“என்னடி, சுவரு வளந்துடுச்சா?”

“அக்கா, நேரம் காலம் தெரியாம பேசாதீங்க” என்று ஸான்னிஸ் சீறினார்.

“நான் கண்ணுல பட்டதச் சொன்னேன். நீ அளந்த சுவரு சின்னது, இது பெருசு.”

இசிடோரா சாரத்தில் நின்றபடியே திரும்பி ஸான்னிஸின் கையைப் பார்த்தாள். கரணையில் காரை அப்பியிருந்தது.

“மாமா, காரை எவ்ளோ கனம் பூசினீங்க?”

“எப்பவும் பூசறதுதான். ரெண்டு விரல்.”

“நாம அளந்தது கல்லுல.”

“ஆமா. முப்பது வருஷமா கல்லுலதான் அளக்கறேன். அதுல என்ன கெட்டுப்போச்சு?”

“அது நேர் சுவரு மாமா. நேர் சுவரு கனத்தா முன்னாலதான் வரும், நீளமாகாது. இது உருண்ட. கோட்டு மேல கோட்டு போட்டா மேல் கோட்டுக்குப் பழைய பெல்ட்டு பத்துமா?”

ஸான்னிஸ் தம் வயிற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சாரப் பலகையில் உட்கார்ந்தார். “அம்மாடி... ரெண்டு பேரும் சேந்து கழுதையாயிட்டோமே.”

“எண்ணெ டின்னுக்கு யாரு காரை பூசினா? அங்கதான் கோட்ட விட்டுட்டேன்.”

இப்படி ஒரு தப்பைப் பிர்கிக்காரர்கள்தான் செய்ய முடியும். தலைமுறை தலைமுறையாக நேர் சுவரையே அளந்து பழகிய கை, கல்லை அளந்தால் சுவரை அளந்ததாக நினைத்துக்கொள்ளும். வேறு விதமாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவள் கணக்குத் தப்பு, பெட்டி தப்பு என்று. அவர்கள் அன்று அங்கே இல்லை. கணக்கில் தப்பில்லை, பெட்டியில் தப்பில்லை, கையிலும் தப்பில்லை. சுவர் வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் காரை அதையெல்லாம் கேட்டுக்கொண்டு காத்திருக்காது. தெற்கே இருந்து காற்று வேறு கிளம்பியது. உலைக்குள்ளிருந்து வருவது போன்ற காற்று. ஸான்னிஸ் விரலால் சுவரைத் தொட்டுப் பார்த்தார். “கீழ இன்னும் இளக்கமா இருக்கு. மேல இறுகுது. பேசாம ஓரத்துல அரை வட்டம் போட்டு முடி. சாமிக்கும் ஒரு தொட்டி வெச்சுடலாம்.”

“மாட்டேன்.”

“இசிடோரா.”

“மாட்டேன் மாமா. கழுத்த வெட்டறதுக்கா இத்தன நாள் உக்காந்தேன்? கோடுதானே கிழிச்சிருக்கு, சுரண்டலயே. மேல வெள்ளைய இன்னொரு தடவ தடவுங்க.”

அவர் தூரிகையை எடுத்தார். முறைத்துக்கொண்டேதான் எடுத்தார், ஆனால் எடுத்தார். அவள் காரையின் மேலேயே நூலைப் பிடித்துப் புதிய நீளம் எடுத்தாள், பெட்டிக்குச் சொன்னாள். வட்டம் ஒவ்வொன்றும் ஒரு நெல்மணியின் தடிப்பு அளவுக்குப் பெரிதாக வேண்டும் என்றது. அந்த அளவை மரக் கவராயத்தில் எப்படிப் பிடிப்பது? ஆணி கொஞ்சம் தளர்ந்தாலே அவ்வளவு போய்விடும். ஒரு வட்டத்தில் தெரியாது. முப்பது வட்டத்தில் சேர்ந்து சேர்ந்து மறுபடி இரண்டு விரல் வந்து நிற்கும்.

கையில் நூலை வைத்துக்கொண்டு நின்றாள். நூலின் இரண்டு முனையையும் சேர்த்தாள். பாதி. அதை மடித்தாள், கால். இன்னும் மடித்தாள். மடிக்க மடிக்க நூல் பொய் சொல்லாது. ஆனால் மடித்துக்கொண்டே போனால் முப்பது வராது, முப்பத்திரண்டுதான் வரும்.

அதனால் என்ன? திரையில் முப்பதை அழித்து முப்பத்திரண்டு என்று போட்டாள். கொசுவம் நகர்ந்தது. வட்டங்கள் கொஞ்சம் சிறுத்தன, வரிசைகளும் குட்டையாகி மேலே ஏறிக்கொண்டன. எல்லாம் பொருந்தி அடியில் மட்டும் கையகலப் பட்டை மிஞ்சியது. அந்தச் சின்னப் பட்டை ஒட்டுப் போட்டது போலத் தெரியும் என்று அவள் கடைசி வரிசையையும் எடுத்துவிட்டாள். தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் வெறுமை.

“அப்ப கீழ?” என்றார் ஸான்னிஸ்.

“கீழ வெள்ளைய முழுக்கச் சுரண்டிடலாம். ஒரே கறுப்பு.”

“கோயில் சுவத்துக்குக் கறுப்புக் காலா?” என்று கலியோப்பி தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

“பெரியம்மா, மழத்தண்ணி சேறோட தெறிக்குற எடம் எது? வருஷா வருஷம் நீங்க முழங்கால் போட்டுத் தேச்சுத் தேச்சுச் சுண்ணாம்பு அடிக்கறது எந்த எடத்துல?”

கலியோப்பி குனிந்தாள். சுவரின் அடியைப் பார்த்தாள். பிறகு ஒரு சாக்கை எடுத்து வாளியில் முக்கி, அனல் காற்று அடிக்கிற பக்கமாகப் போய், காரைக்கு மேல் படாமல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். “வேடிக்க பாக்காம வேலயப் பாருங்க. எனக்குக் கை வலிக்கும்” என்றாள்.

அதன் பிறகு வேலைதான். இசிடோரா நடுவில் ஜன்னலுக்கு நேராக ஓர் அடையாளம் வைத்தாள். நூலை மடித்து இரண்டு பக்கமும் பாதியில், பாதியின் பாதியில் என்று வைத்துக்கொண்டு போனாள். தப்பு ஒரே பக்கம் குவியாமல் அந்தந்த இடத்திலேயே அடங்கிற்று. அடையாளத்திலிருந்து அடையாளத்துக்குக் கவராயம் நடந்தது. பெட்டி உயரத்தைச் சொன்னது, நூல் அகலத்தைச் சொன்னது, கை கோட்டைச் சொன்னது. பின்னாலேயே ஸான்னிஸ் சுரண்டிக்கொண்டு வந்தார். கறுப்பு இதழ் ஒவ்வொன்றாக வெளியே வந்தது, இருட்டில் விளக்கு ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி, ஆனால் தலைகீழாக. கீழ் வரிசைகளுக்கு வரும்போது காரை ரொட்டியின் மேல்தோல் போல இறுகிவிட்டது. இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினார்கள். அவளுடைய கட்டைவிரலில் தோல் உரிந்து சுண்ணாம்பு எரிந்தது. ‘நிறுத்து’ என்று யாரும் சொல்லவில்லை, அவளும் நிறுத்தவில்லை.

சூரியன் போகும் நேரத்தில் கடைசி வட்டம் வலது ஓரத்தைத் தொட்டது. தொட்டது என்றால் தொட்டது, ஒரு மயிரிழை கூட மிச்சமில்லை, ஒரு மயிரிழை கூட வெட்டுப்படவில்லை. ஸான்னிஸ் கரண்டியைக் கீழே போட்டார். அந்த மனிதர் யாரையும் புகழ்ந்து ஊர் கேட்டதில்லை. “அக்கா, சூமா இருக்கா?” என்று மட்டும் கேட்டார். கலியோப்பி வீட்டுக்குப் போய் சூமா என்ற அத்திப்பழச் சாராயத்தையும் மூன்று கோப்பையையும் கொண்டு வந்தாள்.

ஆனால் சாராயம் கொடுத்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, கலியோப்பியிடம் அது நடக்காது. சனிக்கிழமை என்றாள் அல்லவா, சனிக்கிழமை வாளி நிறையச் சுண்ணாம்போடு வந்தாள். இசிடோராவும் வந்து தள்ளி நின்றாள். ஊரில் நாலைந்து பெண்கள் பிசின் சொட்டி விழுவதற்காக மஸ்திகா மரத்தடியில் மண் பரப்பப் போகிறவர்கள், கழுதையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கலியோப்பி படிக்கட்டுக்கு அடித்தாள். கைப்பிடிச் சுவருக்கு அடித்தாள். வேப்பங்காய் போல முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு பக்கச் சுவர்களின் அடிப்பகுதிக்கும் அடித்தாள், மரங்களின் கால்களுக்கும் அடித்தாள். கடைசியில் பின்பக்கம் வந்தாள்.

தூரிகையை வாளியில் விட்டுவிட்டு வலது ஓரத்துக்குப் போனாள். ஒவ்வொரு வரிசையின் முடிவையும் விரலால் தடவிக்கொண்டே மேலிருந்து கீழே வந்தாள், கை எட்டிய மட்டும். அரை வட்டம் தேடினாள். இடது ஓரத்துக்கும் போய்த் தேடினாள். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, அடியில் இருந்த கறுப்புப் பட்டையில் வீசிப் பார்த்தாள். மண் பட்டது தெரியவில்லை.

“ரெண்டு பக்கச் சுவத்துக்கும் இந்தக் காலு எப்ப வரும்?” என்றாள், திரும்பாமலே.

“திருவிழா முடியட்டும் பெரியம்மா.”

“இந்தத் தடவ பூசினப்புறம் அள.”

“அது நேர் சுவரு. கல்லுலயே அளக்கலாம்.”

“நான் சொல்றேன், பூசினப்புறம் அள” என்று கலியோப்பி வாளியைத் தூக்கிக்கொண்டாள். இசிடோரா வாயைத் திறந்தாள். கழுதைக்காரப் பெண்கள் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “சரி பெரியம்மா,” என்றாள்.